கனிவின் விலை

குவென்டின் டரான்டினோவின் 'ரிசர்வாயர் டாக்ஸ்' (1992) படத்தில் பெண்கள் ஏறத்தாழப் பேச்சுப்பொருளாக மட்டுமே இருக்கிறார்கள். கொள்ளையர்களுக்கு நிறங்களே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது விதி. குண்டடிபட்டுக் குருதி பெருகக் கிடக்கும் ஆரஞ்சிடம் வைட் அவ்விதியை மீறித் தன் பெயரைச் சொல்கிறார். அவர் தலையை வாரிவிடுகிறார்.

மொழியியல் நோக்கில், பெயரைச் சொல்வது உறவை நிறுவும் செயல். இங்கே அவ்வுறவுக்கு உயிர்போகும் காயம் தேவைப்படுகிறது. காயமின்றி நிற்கும் விக்கும் எடியும் மற்போர் விளையாட்டில் ஒருவரோடொருவர் கட்டிப்புரள்கிறார்கள்.

பெண்களற்ற குற்றப்படங்களை 'ஆண்களின் உலகம்' எனக் கொண்டாடுவோரும், வெறும் விலக்கல் எனக் கடிவோரும் இதைக் கவனிக்க வேண்டும்: கனிவைப் பெண்ணுக்குரியதென ஒதுக்கிவைத்த ஆண்மை, அவள் இல்லாத இடத்தில் அதைக் குருதி சிந்தியே பெறுகிறது. அந்த விலையைத் திரைக்கு வெளியிலும் ஆண்கள் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.