பூட்டை அறுக்கும் நாகரிகம்

யந்திரத்தைக் கண்டு அஞ்சுவோர் கூட்டத்தில் நாம் ஒருபோதும் சேர்ந்தவர்கள் அல்லர். நீரிறைக்கும் யந்திரம் வந்து துலாவை ஒழித்தபோது துலாவுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. துலா மிதித்தவனின் கால் ஓய்ந்ததே என்று மகிழ்ந்தோம். ஆயினும், புதிதாய் ஒரு யந்திரம் வந்தவுடன் அதற்கு வாழ்த்துப் பாடிவிட்டு நகர்ந்துவிடுவது முற்போக்காகாது. அது யாருக்கு வசதி செய்கிறது, அந்த வசதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆகவேண்டும். கார்களின் முன்பலகையில் பொருத்தப்பட்டு வருகின்ற செய்மதி வழிகாட்டியைப் பற்றி, குறிப்பாக, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனைப் பார்த்தும் தொட்டும் இயக்குகின்ற பழக்கத்தைப் பற்றி, அவ்விரு கேள்விகளையும் இங்கே எழுப்புகிறோம். எழுப்பும் இடம் ரோக்கியோவோ நியூயோர்க்கோ அன்று; நமது சண்டிலிப்பாய்.

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை ஊடாகக் காரைநகர் நோக்கிச் செல்லும் வீதியை வாசகர் பலர் அறிவர். 2009இல் போர் முடிந்த பின்னர் வலிகாமத்தின் வீதிகள் பல அகலிக்கப்பட்டன, செப்பனிடப்பட்டன, செப்பனிட்ட வீதியில் வேகமும் வந்து சேர்ந்தது. ஆனால் அவ்வீதியில் போகின்றவர்கள் யார்? விடியுமுன் தோட்டத்துக்குப் போகும் கூலியாள் சைக்கிளில் போகிறார். மரக்கறிக் கட்டைப் பின்கரியரில் ஏற்றிக்கொண்டு சங்கானைச் சந்தைக்குப் போகிறவரும் சைக்கிளிலேயே போகிறார். கல்வளைப் பிள்ளையார் கோயிலுக்கும் சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் முதியவர்கள் வீதியோரமாக நடந்து போகிறார்கள். பாடசாலை விட்டதும் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் இருவர் மூவராய்ச் சேர்ந்து, கதைத்துக்கொண்டு மிதித்து வருகிறார்கள். மதில்களுக்கும் வேலிகளுக்கும் இடையே நெளிந்து வரும் ஒழுங்கைகள் முன்னறிவிப்பு எதுவுமின்றி வீதியில் வந்து வாய் திறக்கின்றன. அங்கிருந்து வெளிப்படும் ஒரு சைக்கிளைக் காரோட்டி கடைசிக் கணத்திலேதான் காண முடியும். அந்தக் கணத்தில் அவரது கண் வீதியில் இருந்தாக வேண்டும். நமது வாதம் முழுவதும் இவ்வொன்றில் அடங்கும்.

சைக்கிள் இங்கே ஏழையின் வாகனம் மட்டுமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் காணக் கிடையாமல் ஒஸ்டினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் புகைகக்கி இழுபட்ட நாட்களில், இக்குடாநாட்டின் வாழ்வு முழுவதையும் சுமந்தது சைக்கிளே. விறகும் நெல்லும் நோயாளியும் அதிலேதான் போயினர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டிலும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் மீண்டும் அதனிடமே சரணடைந்தனர். அத்தகைய வாகனத்துக்கு இன்று வீதியின் விளிம்பில், தார் உடைந்து மணல் தொடங்கும் இடத்திலேதான் இடம் தரப்பட்டிருக்கிறது. அந்த விளிம்பையும் இப்போது ஒரு திரை வந்து கேட்கிறது.

திரை வந்த கதையைப் பார்ப்போம். இலங்கையில் ஓடும் கார்களில் மிகப் பல ஜப்பானில் பாவித்துக் கழித்த பின்னர் இங்கே கொண்டுவரப்படும் ரீகண்டிஷன் கார்கள். இரு நாடுகளிலும் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்வதால் அவை இங்கே இலகுவாகப் பொருந்துகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டதும் புதிய வரிசை ஒன்று வரத் தொடங்கியது. அத்தகைய காரை முடுக்கியவுடன் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ பணிவாகச் சொல்வதைப் பலர் கேட்டிருப்பர். அக்குரல் சொல்வது யாது? சுங்கப் பெருந்தெருக்களில் கட்டணம் செலுத்துவதற்கான அட்டை இன்னும் செருகப்படவில்லை என்பதாகும். சண்டிலிப்பாயில் சுங்கமும் இல்லை, பெருந்தெருவும் இல்லை. அடுத்து, திரையில் ஜப்பானிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது. அதனை ஏற்றுக்கொள்வதாக ஒரு பொத்தானை அழுத்தினால்தான் மேலே போகலாம். நமது கனவான் ஓர் எழுத்தும் விளங்காமலே அழுத்துகிறார். அதன்பின் விரியும் படத்திலோ ஜப்பானின் வீதிகளே இருக்கின்றன! வழி காட்டவென்று பொருத்திய கருவி நமக்கு ஒரு முழ வழியையும் காட்டாது. ஆயினும் அதன்மீது நமது நடுத்தர வர்க்கத்துக்குள்ள காதல் குறையவில்லை.

இக்கருவியின் அறிவியலை நாம் இகழவில்லை. 1981இல் ஹொண்டா கொம்பனி செய்மதியின் துணையே இல்லாமல், சுழற்சியை உணரும் கருவி ஒன்றைக் கொண்டு காரின் போக்கைக் கணிக்கும் வழிகாட்டியை விற்றது. 1990இல் மஸ்டா கொம்பனி செய்மதிச் சைகையைப் பெறும் வழிகாட்டியைக் காருடன் சேர்த்தே கட்டியது. அச்சைகை வருவதோ பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து. 1978இல் அமெரிக்க இராணுவத்துக்கென ஏவத் தொடங்கிய செய்மதிகள் அவை. பொதுமக்களுக்குரிய சைகையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்த ஏற்பாடு 2000 மே மாதத்தில் கைவிடப்பட்டது. படைக்கெனச் செய்த கருவி மக்களின் கைக்கு வந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் அத்தனை உயரத்திலிருந்து வரும் சைகை, காரின் இடத்தை மட்டுமே அறியும். ஒழுங்கை வாயில் நிற்கும் பிள்ளையை அது அறியாது. அப்பிள்ளையை அறியக் கூடியது சாரதியின் கண் ஒன்றே.

இந்த உண்மையைக் கருவியைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானியக் கார்களில் வண்டி ஓடத் தொடங்கியதும் சாரதியின் முன்னே தொலைக்காட்சிப் படம் நின்றுவிடும். செல்லுமிடத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் பதியவும் முடியாது. கைத்தடையிலிருந்தும் சில்லின் வேகத்திலிருந்தும் செய்தி பெற்று இயங்கும் பூட்டு அது. அந்நாட்டின் சட்டமும் ஓடும் வண்டியில் திரையை உற்றுநோக்குவதைக் குற்றமாகக் கொள்கிறது. 2019 டிசம்பர் 1 முதல் தண்டனை கடுமையாக்கப்பட்டது. அதனால் ஆபத்து விளைவித்தவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வகுத்த வழிகாட்டலில், திரையை ஒரு தடவை பார்க்கும் நேரம் 2 விநாடியையும், ஒரு வேலையை முடிக்க வேண்டிய பார்வை நேரம் முழுவதும் 12 விநாடியையும் தாண்டலாகாது என்று கூறப்பட்டது. 2017இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் அமெரிக்க மோட்டார்ச் சங்கத்தின் நிறுவனத்துக்காகச் செய்த ஆய்விலோ, செல்லுமிடத்தைப் பதிவதற்குச் சராசரியாக 40 விநாடி பிடித்தது.

ஆசிரிய நண்பர்கள் இக்கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டலாம். மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர்; அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் 28 மீற்றர் தூரம் அந்தக் கார் குருடாய் ஓடுகிறது. வேகத்தை 40 கிலோமீற்றராகக் குறைத்து ஓட்டினாலும், 40 விநாடியில் கடக்கும் தூரம் 440 மீற்றருக்கு மேல். அத்தூரம் முழுவதும் கண் திரையிலேயே இருக்காது என்பது உண்மையே. அங்கும் இங்கும் மாறி மாறிப் பாயும். ஆனால் எந்த ஒழுங்கை வாயைக் கடக்கும்போது கண் திரையில் இருக்கும் என்பதை யார் அறிவார்?

இனி, நமது சாதனைக்கு வருவோம். இத்தகைய காரை வாங்கியதும் நம்மவர் முதலில் செய்விக்கும் திருப்பணி, அந்தப் பூட்டை அறுப்பதாகும். கராஜில் சிறு தொகை கொடுத்தால் போதும். ஒரு கம்பியை இடம் மாற்றிப் பிணைக்க, வண்டி எப்பொழுதும் தரித்தே நிற்கிறது என்று கருவி நம்பிவிடும். எண்பதில் பறந்தாலும் அதன் கணக்கில் கார் நின்றுகொண்டே இருக்கும்! இன்னும் வசதியானவர்கள் பழைய திரையைக் கழற்றி எறிந்துவிட்டு, இணையத்தோடு இணையும் பெருந்திரையை மாட்டுகிறார்கள். இங்கே நமது ஊர்ப்படமும் உண்டு, சினிமாவும் உண்டு, பூட்டு மட்டும் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த பொருள்களில் ஆடம்பரத்தை வைத்துக்கொண்டு, பிறர் உயிரைக் காக்க அமைத்த ஒன்றை மட்டும் காசு கொடுத்துக் களைகிறோம். இதற்கு நாகரிகம் என்றும் பெயரிடுகிறோம்.

“எனக்குக் கை பழகிவிட்டது, பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்” என்பார் சிலர். பழகியது கைதான், எதிரே வருபவர் உமது பழக்கத்துக்கு எங்கே இசைந்தார்? “பக்கத்தில் இருப்பவர் பதியலாமே, அவருக்கும் ஏன் பூட்டு?” என்பார் வேறு சிலர். இது நியாயமான குறையே. பூட்டுக்குச் சாரதியின் விரலுக்கும் அருகிலிருப்பவரின் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அருகிலிருப்பவர் தமது கைத்தொலைபேசியில் வழியைப் பார்த்து வாயால் சொல்லத் தடையேதும் இல்லையே! அதற்காகச் சாரதியின் முன்னே திரையைத் திறந்துவிட வேண்டியதில்லை.

“முன்பெல்லாம் சந்தியில் நிறுத்தி வழி கேட்டோம், அந்த மனித உறவு போய்விட்டதே” என்று பெருமூச்செறியும் மூன்றாவது கூட்டமும் உண்டு. அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. சந்தியில் வழி கேட்டவனிடம் “எவ்விடம்? ஆரின்ரை ஆள்?” என்று திருப்பிக் கேட்டு, அவன் சாதியை அளந்த பிறகே வழி சொன்ன ஊர்கள் இவை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது சாதிக் கொடுமைக்கு எதிராகவே என்பதை மறந்துவிட்டுப் பழமையைப் போற்ற நம்மால் இயலாது. சாதி கேளாமல் வழி சொல்லும் கருவியை வரவேற்போம். நாம் கேட்பதெல்லாம், வண்டியை நிறுத்திவிட்டு அதனிடம் வழி கேட்க வேண்டும் என்பதே. புறப்படுமுன் இடத்தைப் பதிக. போகும்போது குரலைக் கேட்க. குழம்பினால் வீதியோரம் ஒதுக்கி நிறுத்துக. ஒரு நிமிட வேலை. மாட்டு வண்டிக்காரனும் செய்த வேலை.

இவ்விடத்தில் நாம் தவறான எதிரியைத் தாக்கிவிடலாகாது. சொந்தக் காரில் பொழுதுபோக்காகத் திரையைத் தடவுபவரும், வயிற்றுப்பாட்டுக்காக அதைப் பார்க்கும் சாரதியும் ஒருவரல்லர். ஓட்டோவின் கைபிடியிலும் உணவு கொண்டு ஓடும் இளைஞனின் மோட்டார் சைக்கிளிலும் கட்டியிருக்கும் தொலைபேசியில், ஓடும்போதே அழைப்பு வந்து விழுகிறது. சில விநாடிகளுக்குள் தொட்டு ஏற்காவிட்டால் அது இன்னொருவருக்குப் போய்விடும். அந்த விநாடிகளைத் தீர்மானித்தவன் அந்த இளைஞன் அல்லன். தூரத்தே இருக்கும் கொம்பனி அவன் கண்ணை விலைக்கு வாங்குகிறது. விபத்து நேர்ந்தால் பொலிஸ் நிலையத்தில் நிற்பவனோ அவன் மட்டும். வண்டி ஓடுவதைக் கண்டறியும் கருவி அதே தொலைபேசியில் இருக்கிறது. வண்டி நின்ற பின்னரே அழைப்பை அனுப்புவது அவர்களுக்குக் கைவராத வித்தையா? காலத்தை நட்டப்படுத்த மனமில்லை, அவ்வளவே.

கார் செய்யும் முதலாளிகளும் இதே வித்தையைக் கற்றவர்கள். ஆண்டுக்கு ஆண்டு திரை பெருக்கிறது. கையால் தடவி அறிந்த பொத்தான்கள் மறைகின்றன. ஒரு பக்கம் கண்ணை ஈர்க்கும் பொருளை விற்றுவிட்டு, மறுபக்கம் “கவனமாக ஓட்டுவதாக ஏற்றுக்கொள்கிறேன்” என்று சாரதியிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்கிறார்கள். இலாபம் அவர்களுக்கு, பொறுப்பு சாரதிக்கு, சாவு சைக்கிளில் போகிறவருக்கு.

இது வெறும் அலங்காரப் பேச்சன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 11.9 இலட்சம் பேர் வீதி விபத்துகளில் மாண்டனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்களுமே. இலங்கையிலும் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் வீதியில் உயிரிழக்கின்றனர். நடப்போரும் இருசில்லு, முச்சில்லு வண்டிகளில் செல்வோருமே அவர்களில் மிகப் பெரும்பான்மையினர். இரும்புக் கூட்டுக்குள்ளே இருப்பவர் கண்ணை எடுக்கிறார். கூடில்லாதவர் உயிரைக் கொடுக்கிறார். வீதியிலும் வர்க்கம் உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அரசு என்ன செய்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டுவிட்டது. கைத்தொலைபேசியைக் காதில் வைத்து ஓட்டுபவரைப் பொலிசார் மறிக்கிறார்கள், அது சரியே. ஆனால் முன்பலகையில் சினிமா ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போகிறார். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு வண்டியின் புகையைப் பரிசோதித்துச் சான்றிதழ் காட்டவேண்டும். புகையை அளக்கும் அவ்விடத்திலேயே, வண்டி ஓடும்போது திரை பூட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பதற்கு எவ்வளவு நேரமாகும்? பூட்டை அறுத்துக் கொடுப்பதையும், பூட்டில்லாத திரையைச் சாரதியின் முன்னே பொருத்துவதையும் குற்றமாக்குக. ஓடும் வண்டிக்கு அழைப்பு அனுப்பும் கொம்பனியையும் விபத்தின் பொறுப்பில் சேர்க்குக. வீதியின் இருபுறமும் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் தனி இடம் ஒதுக்குக. இவை நமது கோரிக்கைகள்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று கூறி முடிக்கிறோம். நம்மிடையேயும் கார் வைத்திருப்போர் உண்டு, பூட்டறுத்தோரும் உண்டு. மேடையில் பாட்டாளி மக்களைப் பற்றிப் பேசிவிட்டு, திரும்பும் வழியில் அந்த மக்களின் சைக்கிளைப் பார்க்க வேண்டிய கண்ணைத் திரையில் வைப்போமாயின், நமது பேச்சுக்கு மதிப்பேது? முதலில் நமது வண்டிகளின் பூட்டை மீண்டும் பொருத்துவோம். பின்னர் சட்டத்தைக் கேட்கும் தகுதி நமக்கு வரும். நாளை பாடசாலை விட்டதும் சண்டிலிப்பாய்ச் சந்தியில் பிள்ளைகள் சைக்கிளோடு இறங்குவார்கள். வீதியில் கண் வைத்து ஓட்டுவது அவர்களுக்கு நாம் இடும் பிச்சையன்று, அவர்களுடைய உரிமை.