ஜீப்புக்கு அகல டயர் வேண்டாமே! கும்மிடிப்பூண்டி சாலைகள் சொல்லும் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசல்களில் தார், ஜிம்னி, பொலேரோ மாதிரி வண்டிகளைப் பார்ப்பது இப்போது சாதாரணம். வண்டி வாங்கிய கொஞ்ச நாளில் பலர் முதலில் கை வைப்பது டயரில்தான். கடையில் சொல்லும் வாக்கியமும் ஏறக்குறைய ஒன்றேதான்: "சார், கம்பெனி டயர் ஒல்லியா இருக்கு. ரெண்டு சைஸ் ஏத்திப் போடுங்க. வண்டி கெத்தா நிக்கும், சேத்துலயும் மாட்டாது."

கெத்தாக நிற்கும் என்பது உண்மை. சேற்றில் மாட்டாது என்பதுதான் சிக்கல். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று நாம் தினமும் ஓட்டுகிற சாலைகளுக்குக் கம்பெனி அனுமதிக்கும் அளவுகளில் குறுகலான டயரே நல்லது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

தரையைத் தொடுவது ஒரு கை அளவுதான்

அகலமான டயர் தரையில் அதிக இடத்தைப் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி 1,800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்கு 450 கிலோ. பங்க்கில் '32 வைங்க' என்கிறோமே, அந்தக் காற்றழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 2.25 கிலோவைத் தாங்கும். 450-ஐ 2.25-ஆல் வகுத்தால் 200 சதுர செ.மீ. விரல்களோடு சேர்த்து ஒரு கை அளவு. தரையைத் தொடுவது அவ்வளவுதான்.

எடையும் காற்றும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. டயர் பக்கச்சுவரின் விறைப்பால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். அகலத்தால் மாறுவது அதன் வடிவம். தரையில் 20 செ.மீ. அகலம் பதிந்தால் நீளம் 10 செ.மீ. 16 செ.மீ. பதிந்தால் நீளம் 12.5 செ.மீ. அகல டயரின் தடம் குட்டையாக, குறுக்கே விரிந்திருக்கும். குறுகல் டயரின் தடம் ஓடும் திசையில் நீண்டிருக்கும். மற்றதெல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

சேற்றுக்கு அடி இருக்கிறதா?

சேறு இரண்டு வகை. அடியில் கெட்டித் தரை உள்ள சேறு ஒன்று. எவ்வளவு போனாலும் கெட்டி கிடைக்காத சேறு இன்னொன்று.

சவுடு லாரிகள் போய்வரும் நம்ம பக்கத்துச் சாலைகளை மழை நாளில் பாருங்கள். லாரியிலிருந்து சிந்திய மண், முதல் மழையில் குழம்பாகித் தாரின் மேல் படிந்திருக்கும். கிராமத்துச் சாலைகளில் ஜல்லி, கிராவல் மேல் ஒரு சாண் சேறு. இரண்டிலுமே அடியில் கெட்டித் தரை உண்டு. இங்கே டயர் செய்ய வேண்டிய வேலை, மேலே உள்ள குழம்பை அறுத்துக்கொண்டு கீழே போய்க் கெட்டியைப் பிடிப்பது. குறுகல் டயர் அதைச் செய்கிறது. அகல டயர் குழம்பின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போவது இதனால்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16. அதாவது அகலம் வெறும் 6 அங்குலம். நம்ம ஊர் டிராக்டர்கள் பலவற்றின் முன் சக்கரத்திலும் இதே 6.00-16 தான் இருக்கிறது. முன் சக்கரத்தின் வேலை மண்ணை அறுத்துத் திசை திருப்புவது, அதனால் குறுகல். பின் சக்கரம் உழுத வயலில் மிதந்து இழுக்க வேண்டும், அதனால் அகலம். சுவீடனில் பனியில் நடக்கும் ராலி கார்களும், தார் சாலைப் போட்டிக்குப் போடுவதைவிடக் குறுகலான டயரில்தான் ஓடுகின்றன. பனியை அறுத்துக் கீழே உள்ள ஐஸைப் பிடிக்க வேண்டுமே!

மழையில் ஜி.என்.டி. சாலை

இந்த வண்டிகள் சேற்றில் ஓடுவதைவிட, சென்னை-கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் ஓடுவதுதான் அதிகம். கன்டெய்னர் லாரிகள் அழுத்தி அழுத்திப் பள்ளமான தடங்களில் மழைத்தண்ணீர் நிற்கும். அதன் மேல் வேகமாகப் போகும் டயர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். முடியாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது.

3 மி.மீ. தண்ணீர் நிற்கும் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போனால், 255 மி.மீ. அகல டயர் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 லிட்டர் தண்ணீரைச் சமாளிக்க வேண்டும். 195 மி.மீ. டயருக்கு 13 லிட்டர் போதும். ஒரு சக்கரத்துக்கு, ஒவ்வொரு நொடிக்கும் 4 லிட்டர் வித்தியாசம். இரவு ஷிப்ட் முடிந்து, ஐப்பசி மழையில், பக்கத்தில் லாரி தண்ணீரை வாரி அடிக்கும்போது இந்த 4 லிட்டர் சின்ன விஷயம் இல்லை.

காற்றும் இதில் முக்கியம். 1960-களில் நாசா செய்த ஆய்வுகளிலிருந்து கிடைத்த ஒரு சூத்திரம், டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் காற்றழுத்தத்தோடு இணைக்கிறது. பட்டன் தேய்ந்த டயர், நிறையத் தண்ணீர் என்றால் 32 காற்றில் சுமார் 94 கி.மீ. வேகத்திலும், 24 காற்றில் சுமார் 82 கி.மீ. வேகத்திலுமே அது மிதக்கத் தொடங்கிவிடும். கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். ஆனால் மழைக்காலத்துக்கு அதுவரை காத்திருக்காமல் முன்னாடியே மாற்றிவிடுவது நல்லது.

அகலம் ஜெயிக்கும் இடம்

அகல டயருக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. காய்ந்த தார் சாலையில் வேகமாக வளைவு எடுக்க அகலம் உதவும். மணலிலும் அப்படித்தான். அடி இல்லாத மணலில் குறுகல் டயர் புதையும். இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி புதைந்த இடத்தில் டயர் வண்டி சுலபமாகப் போனது நம் தாத்தாக்களுக்குத் தெரியும்.

ஆனால் வருஷத்தில் நாம் எத்தனை நாள் மணலில் ஓட்டுகிறோம்? பழவேற்காடு பக்கம் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும். அங்கே வண்டியை இறக்காமல் இருப்பதே நல்லது. எப்போதோ மணலைக் கடக்க வேண்டி வந்தால் 32 காற்றை 18-க்குக் குறைத்தால் போதும், தடம் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும். மெதுவாகக் கடந்து, தார் சாலை ஏறும் முன் பழையபடி காற்றை நிரப்பிவிட வேண்டும். அதற்குத் தேவை ஒரு சின்ன கம்ப்ரசர். ஏரிக்குள் உள்ள களிமண்ணில் எந்த அளவு டயரும் காப்பாற்றாது. ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்களில் வெள்ளம் ஓடும்போதும் அதே கதைதான். திரும்பி வருவதுதான் ஒரே வழி.

இன்னொரு ஒப்பீடு. கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தேர்வாய் கண்டிகையில் லாரி டயர் செய்யும் ஆலை இருக்கிறது. 10.00-20 என்று எழுதிய லாரி டயரின் பெயரளவு அகலம் 10 அங்குலம், அதாவது 254 மி.மீ. அதில் 100-க்கு மேல் காற்றை ஏற்றி 3 டன் வரை சுமக்க வைக்கிறோம். இரண்டு டன்கூட இல்லாத தாரின் டயரும் 255 மி.மீ. இதையும் பத்தாது என்று 285 போடுவது எதற்கு?

எந்த அளவைப் போடுவது?

முதலில், உங்கள் வண்டியின் மற்ற வேரியன்ட்களுக்குக் கம்பெனி என்ன அளவு தருகிறது என்று பாருங்கள். 2020-ல் வந்த தாரில் விலை கூடிய வேரியன்ட்டுக்கு 255/65 ஆர்18, விலை குறைந்ததற்கு 245/75 ஆர்16. பின்னதில் அகலம் 10 மி.மீ. குறைவு. ரிம் சின்னது என்பதால் பக்கச்சுவர் உயரம், அதனால் குழியில் ரிம் அடிபடுவதும் குறையும். 2023-ல் வந்த ஜிம்னிக்கு 195/80 ஆர்15. அதை மாற்றாமல் விட்டாலே போதும். பக்கத்து ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசூ டி-மேக்ஸிலும் பாருங்கள். 2016-ல் வந்த வி-கிராஸுக்கு 245/70 ஆர்16. சுமை ஏற்ற வந்த எஸ்-கேபுக்கு 205 ஆர்16சி. பாரம் சுமக்கும் வண்டிக்குத்தான் குறுகல்.

இரண்டாவது, உயரம் மாறக் கூடாது. பழைய தாரின் 235/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 735 மி.மீ. 205/80 ஆர்16-க்கு 734. உயரம் அதேதான், அகலம் மட்டும் 30 மி.மீ. குறைவு. ஆனால் இந்தக் கணக்கு சரியாக வந்ததும் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். ரிம்மின் அகலத்துக்கு அந்த டயர் பொருந்த வேண்டும். டயரில் எழுதியிருக்கும் சுமை எண் கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 111 என்றால் 1,090 கிலோ. இதில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் பழைய அளவிலேயே இருந்துவிடுங்கள்.

மூன்றாவது, சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வெளியே துருத்தும் டயரோடு விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்க நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

அகல டயரும் புது அலாய் வீலும் போட வைத்திருக்கும் பணத்தில், கம்பெனி அளவிலேயே நல்ல பட்டன் உள்ள நான்கு டயரும் ஒரு கம்ப்ரசரும் வாங்கலாம். மிச்சமும் இருக்கும். அடுத்த முறை கடைக்காரர் "ரெண்டு சைஸ் ஏத்திடலாமா சார்?" என்று கேட்டால், "மழையில ராத்திரி கவரப்பேட்டை தாண்டி வீட்டுக்குப் போகணும்ணே, அதுக்கு எது சரியோ அதைப் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.