கோழி செத்தால் மறைக்க வேண்டாம்

மணவாளக்குறிச்சி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டில் 20 நாட்டுக்கோழியும் 6 வாத்தும் உள்ளன. கேரளாவில் பறவைக்காய்ச்சல் என்றாலே பயமாக இருக்கிறது. கோழி செத்ததை வெளியே சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்களா?

பதில்: பயம் நியாயமானதே. 2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டம் எடத்துவா, செறுதனா ஊராட்சிகளின் வாத்துகளில் எச்5என்1 கிருமி கண்டறியப்பட்டது. களியக்காவிளைச் சாவடியில் லாரிக்கு மருந்து தெளிக்கலாம். பறந்து வரும் பறவைக்குச் சாவடி கிடையாது. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருவது இம்மாவட்டத்தார் அறிந்ததே.

ஒரே நாளில் பல கோழிகள் சாவது, கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, முகம் வீங்குவது, முட்டை திடீரெனக் குறைவது ஆகியவை அறிகுறிகள். கோழிக்கழிச்சலிலும் இவற்றில் சில உண்டு. எனவே ஆய்வகப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். வாத்து நோய் காட்டாமலே கிருமியைச் சுமக்கும். கோழியோடு சேர்த்து அடைக்க வேண்டாம்.

சொன்ன உடனே யாரும் கோழிகளைக் கொல்வதில்லை. நோய் உறுதியானால் மட்டுமே சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் பறவைகள் அழிக்கப்படும். அப்படி அழிக்கப்படுபவற்றுக்கு அரசு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே செத்து, சத்தமில்லாமல் புதைத்தவற்றுக்குக் கேட்க வழியில்லை. மறைத்தால் நட்டம் வீட்டுக்காரருக்கே. நோய் அண்டை வீட்டுக்கும் போகும்.

செய்ய வேண்டியவை:

* செத்த கோழியை வெறுங்கையால் தொடக்கூடாது. அறுத்துச் சமைக்கவோ, குளத்திலும் வாய்க்காலிலும் வீசவோ கூடாது. கால்நடை மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ தகவல் தர வேண்டும்.
* கூட்டுக்குள் போகும்போது மூக்கு, வாயை மூட வேண்டும். வெளியே வந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும். கூட்டுக்கென்று தனிச் செருப்பு நல்லது. குழந்தைகளைக் கூட்டில் விளையாட விடக்கூடாது.
* இறைச்சியும் முட்டையும் நன்றாக வேக வேண்டும். 70 டிகிரி வெப்பத்தில் கிருமி சாகும்.
* நோயுற்ற கோழியைத் தொட்டவருக்குப் பத்து நாட்களுக்குள் காய்ச்சல், இருமல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோழி விஷயத்தையும் சொல்ல வேண்டும். அதுவரை கூட்டத்துக்குள் போகக்கூடாது.

சளிக்காய்ச்சல் உள்ளவரும் கூட்டுப் பக்கம் போக வேண்டாம். மனிதக் கிருமியும் பறவைக் கிருமியும் ஓர் உடலில் சந்தித்தால் புதுக் கிருமி பிறக்கலாம். 2009இல் உலகெங்கும் பரவிய பன்றிக்காய்ச்சல் அப்படிப் பல கிருமிகள் கலந்து வந்ததே.