துணை விமானியின் தயக்கம்



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் போதித்துக்கொண்டிருந்தேன். வெண்பலகையில் ஒரு பெருக்கல் கணக்கைச் செய்து காட்டும்போது ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டேன். மணி அடித்து, பயிற்சி நூல்களைத் திருத்த அமர்ந்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது. வகுப்பு முழுவதும் அதே தவறான விடையை அழகாக எழுதி வைத்திருந்தது. கணிதத்தில் கெட்டிக்காரியான ஒரு மாணவியை அழைத்து, “உனக்குமா தெரியவில்லை?” எனக் கேட்டேன். “தெரிந்தது, ஐயா. நீங்கள் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து அப்படியே எழுதினேன்” என்றாள்.

என் மீது அவளுக்கிருந்த மரியாதையை எண்ணி நான் மகிழவில்லை. நெதர்லாந்து நாட்டின் விமானப் போக்குவரத்து வரலாற்றில் நான் படித்திருந்த ஒரு கொடிய நிகழ்வுதான் நினைவுக்கு வந்தது. அவ்வரலாற்றில் ஆசிரியர்களாகிய நமக்கும் பெற்றோர்களுக்கும் பாடம் உண்டு என்பது என் தாழ்மையான கருத்து.

சிறிய நாடு, நெடிய வான்வழி

நெதர்லாந்து நம் பகாங் மாநிலத்தைவிடச் சற்றே பெரிய நாடு. உள்நாட்டுக்குள் பறந்து பிழைக்க அங்கே தூரம் போதாது. ஆகவே, அந்நாட்டின் விமானத்துறை தொடக்கத்திலேயே வெளியுலகை நோக்க வேண்டியதாயிற்று. ஆல்பர்ட் பிளெஸ்மன் என்பவரின் முயற்சியால் 1919 அக்டோபர் 7ஆம் நாள் கே.எல்.எம். நிறுவனம் தோன்றியது. தொடங்கிய பெயரிலேயே இன்றளவும் பறந்துகொண்டிருக்கும் விமான நிறுவனங்களுள் இதுவே மிகப் பழமையானது. 1920 மே 17ஆம் நாள், வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய விமானம் இலண்டனிலிருந்து இரு செய்தியாளர்களையும் ஒரு கட்டு நாளிதழ்களையும் சுமந்து ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தது. அது வந்திறங்கிய ஸ்கிப்போல் திடல், 1852இல் நீர் இறைத்து வற்றவைத்த ஓர் ஏரியின் அடிநிலம். கடல்மட்டத்திற்குச் சில மீட்டர் கீழே இருக்கும் அந்த நிலம்தான் பின்னாளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய விமான நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

அக்காலத்தில் டச்சுக்காரர்களின் கண் சாவகத் தீவின் மீதிருந்தது. 1924 அக்டோபர் 1ஆம் நாள் ஒரு ஃபோக்கர் விமானம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியாவை நோக்கிப் புறப்பட்டது. வழியில் பல்கேரியாவில் இயந்திரம் பழுதாகி, வேறோர் இயந்திரம் வந்து சேரும்வரை காத்திருந்து, நவம்பர் 24ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. 1930ஆம் ஆண்டளவில் அவ்வழியில் முறையான சேவையே நடக்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் உலகின் மிக நீண்ட வான்வழிச் சேவைகளுள் ஒன்றாக அது இருந்தது.

1934இல் இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு நடந்த புகழ்பெற்ற விமானப் பந்தயத்தில் கே.எல்.எம். தன் ‘உய்வர்’ என்னும் டிசி-2 விமானத்தை அனுப்பியது. டச்சு மொழியில் அச்சொல் நாரையைக் குறிக்கும். அது அலோர் ஸ்டாரிலும் சிங்கப்பூரிலும் இறங்கிச் சென்றது. பந்தயத்திற்கென்றே வடிவமைக்கப்பட்ட விமானங்களுக்கு நடுவே, மூன்று பயணிகளையும் அஞ்சலையும் ஏற்றிச் சென்ற அந்தப் பயணிகள் விமானம் இரண்டாவதாக வந்து உலகை வியக்க வைத்தது. அதுவும் எளிதில் கைகூடவில்லை. ஆஸ்திரேலியாவில் இரவுப் புயலில் அது வழி தவறியது. ஆல்பரி என்னும் சிற்றூர் மக்கள் ஊர் விளக்குகளை அணைத்து அணைத்து ஏற்றிச் சைகை செய்தார்கள். குதிரைப் பந்தயத் திடலில் மோட்டார் வண்டிகளை நிறுத்தி, அவற்றின் விளக்கொளியில் விமானத்தை இறங்க வைத்தார்கள். மறுநாள் காலை, சேற்றில் புதைந்திருந்த விமானத்தைக் கயிறு கட்டி இழுத்து அனுப்பி வைத்தவர்களும் அவர்களே.

விமானத்தின் தலைவரான கூனே டிர்க் பார்மென்டியர் நாடு போற்றும் வீரரானார். விமானத் தலைவர் என்றால் தவறே செய்யாத வீரர் என்னும் எண்ணம் இப்படித்தான் மக்கள் மனத்தில் வேரூன்றியது. கீழே நின்று விளக்குக் காட்டிய எளியவர்களை எத்தனை பேர் நினைவில் வைத்திருந்தார்கள்?

1977: பனிமூட்டத்தில் கேட்ட ஒரு கேள்வி

1977 மார்ச் 27. கனேரித் தீவுகளில் ஒரு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் தெனெரீஃப் தீவின் சிறிய நிலையத்திற்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றுள் கே.எல்.எம்., பான் ஆம் ஆகிய நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்களும் அடங்கும். மாலையில் அடர்ந்த பனிமூட்டம் சூழ்ந்தது. கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் முனையில் புறப்படத் தயாராக நின்றது. பான் ஆம் விமானமோ அதே ஓடுபாதையில் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. பனிமூட்டத்தில் ஒன்றையொன்று பார்க்க இயலவில்லை.

கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி சாதாரணமானவர் அல்லர். அந்நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். விளம்பரங்களில் இடம்பெற்ற முகம் அவருடையது. துணை விமானியும் புதியவர் அல்லர். 9,000 மணி நேரத்திற்கும் மேல் பறந்தவர். ஆனால் 747இல் அவருக்கிருந்த அனுபவம் நூறு மணி நேரத்திற்கும் குறைவு. அவ்விமானத்தை ஓட்ட அவரைச் சோதித்துத் தகுதி வழங்கியவரே அருகில் அமர்ந்திருந்த தலைமை விமானிதான். அதாவது, தேர்வு வைத்த ஆசிரியரின் பக்கத்தில் மாணவர் அமர்ந்திருந்தார்.

தலைமை விமானி முதல்முறை விசையைக் கூட்டியபோது, அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி சொன்னார். தெரியும், கேள் என்று பதில் வந்தது. கேட்டார். புறப்பட்டபின் செல்ல வேண்டிய வழியைத்தான் கட்டுப்பாட்டுக் கோபுரம் கூறியது. புறப்படும் அனுமதியை அது தரவில்லை. அதைத் துணை விமானி திருப்பிச் சொல்லி முடிக்கும் முன்னரே விமானம் நகரத் தொடங்கிவிட்டது. ஒருமுறை சொல்லிவிட்டவர் இரண்டாம் முறை தடுக்கவில்லை. பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர் மட்டும், அந்தப் பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்னும் பொருளில் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமான பதில் வந்தது. அவர் அதற்கு மேல் பேசவில்லை. சில நொடிகளில் 583 உயிர்கள் பறிபோயின. கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பனிமூட்டம், வானொலியில் ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் எழுந்த இரைச்சல், பணிநேரச் சட்டத்தால் வந்த அவசரம் எனக் காரணங்கள் பல. டச்சுத் தரப்பு தகவல் தொடர்புக் குழப்பத்தை வலியுறுத்தியது. ஆயினும் இறுதியில் கே.எல்.எம். பொறுப்பேற்று இழப்பீடு வழங்கியது. இத்தனை காரணங்களுக்கு இடையிலும் ஒன்றை மறைக்க முடியாது. ஆபத்தை ஐயுற்ற குரல் அந்த விமானி அறைக்குள்ளேயே எழுந்தது; அது எடுபடவில்லை.

உண்மையான வளர்ச்சி

இதன் பின்னர் விமானத்துறை செய்த மாற்றங்களையே நான் வளர்ச்சி என்பேன். ‘புறப்படுதல்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை, புறப்படும் அனுமதியைத் தரும்போதோ நீக்கும்போதோ தவிர வேறெப்போதும் வானொலியில் பயன்படுத்தக் கூடாது என்னும் நடைமுறை வந்தது. ஐயம் எழுந்தால் வாய்விட்டுச் சொல்வது இளையவரின் கடமை. அதைக் கேட்டு ஆராய்வது மூத்தவரின் கடமை. இது உலகெங்கும் விமானிகளுக்குப் பயிற்சியாகவே போதிக்கப்படலாயிற்று. அத்தகைய பயிற்சியை முன்னதாகத் தொடங்கிய நிறுவனங்களுள் கே.எல்.எம். நிறுவனமும் ஒன்று.

திருவள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில், இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன் கெடுவான் என்கிறார். அங்கே இடித்துரைப்பவர் பெரியவர். விமானி அறையில் அக்கடமை இளையவருக்கும் வந்து சேர்கிறது. அது எத்தனை கடினம் என்பது, தலைமையாசிரியர் முன்னிலையில் நாமே எத்தனை முறை வாய் மூடி இருந்திருக்கிறோம் என எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

நெதர்லாந்து கற்ற மற்றொரு பாடமும் உண்டு. 1998 டிசம்பரில் ஸ்கிப்போலில் ஒரு விமானம் புறப்பட ஓடிக்கொண்டிருந்தபோது, இழுத்துச் செல்லப்பட்ட மற்றொரு விமானம் ஓடுபாதையைக் கடந்தது. விமானி உடனே நிறுத்தியதால் எவருக்கும் தீங்கில்லை. ஆயினும் கட்டுப்பாட்டாளர்கள் மீது அரசு வழக்குத் தொடர்ந்தது. அவர்களுள் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஒருவரும் இருந்தார். விளைவு என்ன? கட்டுப்பாட்டாளர்கள் தாமாக முன்வந்து அளித்து வந்த தவற்றறிக்கைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தவறுகள் குறையவில்லை, தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவே குறைந்தது. பின்னர் 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய விதிமுறை, நேர்மையாகத் தவற்றைத் தெரிவிப்பவருக்குப் பாதுகாப்பு அளித்தது. வேண்டுமென்றே செய்தவருக்கும் பெரும் அலட்சியம் காட்டியவருக்கும் அப்பாதுகாப்பு இல்லை.

தேர்வுத் தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைக்கும் பிள்ளை நம் வீட்டிலும் உண்டு. முதன்முறை அப்பிள்ளை அதை நீட்டியபோது நாம் என்ன செய்தோம்?

“பிள்ளைகள் ஆசிரியரை எதிர்த்துப் பேசப் பழக்குகிறீர்களா?” எனச் சிலர் கேட்கக்கூடும். இல்லை. விமானத்தில் இன்றும் முடிவெடுப்பவர் தலைமை விமானிதான். ஆனால் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. மரியாதை வேறு, அச்சம் வேறு. “ஐயா, அந்த எண் சரியா?” எனக் கேட்கும் மாணவரிடம் மரியாதைக்கு என்ன குறை?

இப்போதெல்லாம் வெண்பலகையைத் துடைப்பதற்கு முன், “நான் எழுதியதில் தவறு இருக்கிறதா, பாருங்கள்” எனச் சொல்கிறேன். முதல் சில வாரங்கள் ஒரு கையும் உயரவில்லை. பின்னர் ஒரு நாள் பின்வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்து தாழ்ந்தது. அழைத்துக் கேட்டேன். அவன் சொன்னது தவறு. நான் எழுதியதே சரி. ஆயினும் வகுப்பின் முன் அவனுக்கு நன்றி கூறினேன். மறுநாள் மூன்று கைகள் உயர்ந்தன.