வீட்டுப் பத்திரமும் இருநூறு மணி நேரமும்

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் திரு. ராம்மோகன் நாயுடு அவர்களுக்கு,

மறைமலை நகரிலிருந்து எழுதுகிறேன். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன். என் மகள் விமானி. ஏடிஆர் என்னும் சிறிய விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஆகவே இது அவளுக்கு வேலை கேட்டு வரும் கடிதம் அல்ல.

எங்கள் தெருவில் டாடா ஏஸ் ஓட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவருடைய பையன் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறான். இயற்பியலிலும் கணிதத்திலும் நல்ல மதிப்பெண். போன வாரம் அப்பாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, பாப்பாவைப் படிக்க வச்சீங்களே, நானும் வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சிடலாமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு நான் சொல்லவேண்டிய பதிலில் பாதி உங்கள் மேசையில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் சிறுமியாக இருந்தபோது செங்கல்பட்டு லோக்கலில் பீச் வரை போவோம். திரிசூலம் வந்ததும் ஜன்னலில் ஒட்டிக்கொள்வாள். மதிலுக்கு அப்பால் விமானங்களின் வால் மட்டும் தெரியும். அந்த வாலிலிருந்து காக்பிட் வரை போய்ச் சேர அவளுக்கு ஆறு ஆண்டு பிடித்தது. முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை, பிறகு முதல் வகுப்பு. வானிலை, வழிசெலுத்தல், விமானச் சட்டம், தொழில்நுட்பம் என்று உங்கள் துறையின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகள். ரேடியோ உரிமத்துக்குத் தனித் தேர்வு. இவற்றோடு இருநூறு மணி நேரம் பறந்திருந்தால்தான் சிபிஎல் என்னும் வணிக விமானி உரிமம் கைக்கு வரும். படிப்பது அவள் பாடு, படித்தாள். பறப்பது பணத்தின் பாடு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மீட்டர் ஓடும்.

அவள் சேர்ந்த பயிற்சிப் பள்ளி வட மாநிலத்தில் இருந்தது. ஓராண்டில் முடியும் என்றார்கள், இரண்டரை ஆண்டு ஆனது. ஒரு மாதம் விமானம் பழுது, இன்னொரு மாதம் பயிற்றுநர் வேறு இடத்துக்குப் போய்விட்டார், குளிர்காலம் வந்தால் மூடுபனி. விடுதிச் செலவு மட்டும் நிற்கவே இல்லை. உரிமம் கைக்கு வந்தபோது ஐம்பத்திரண்டு லட்சம் செலவாகியிருந்தது. சி.எம்.டி.ஏ. ஒதுக்கிய மனையில் நான் கட்டிய வீடு அன்றுமுதல் வங்கியில் இருக்கிறது.

இதில் எனக்கு ஆறாத ஒரு வருத்தம் உண்டு. எங்கள் ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் தாம்பரம் விமானப்படைத் தளம். பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி 1954 முதல் அங்கே நடக்கிறது. மீனம்பாக்கத்தில் சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கிய மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் நாட்டின் பழைய பறக்கும் கழகங்களில் ஒன்று. 1932 அக்டோபரில் டாடாவின் முதல் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், பெல்லாரி வழியாக வந்து சேர்ந்ததும் இதே சென்னைக்குத்தான். இத்தனையும் இருக்கிற ஊரின் பெண் பறக்கக் கற்க இரண்டு நாள் ரயிலில் போனாள். விமான நிலைய ஆணையம் 2022-இல் பயிற்சிப் பள்ளிகளுக்கென்று தேர்ந்தெடுத்த ஐந்து விமான நிலையங்களில் சேலமும் ஒன்று. நல்ல முடிவு. ஆனால் அங்கேயும் கட்டணம் கட்டப்போவது பெற்றோர்தான். ரேபரேலி அருகே இந்திரா காந்தி பெயரில் ஒன்றிய அரசே ஒரு பறக்கும் கல்விக்கூடம் நடத்துவதுபோல் தெற்கிலும் ஒன்று வேண்டும்.

உரிமம் வந்துவிட்டால் வேலை வந்துவிடும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். 2023-இல் மட்டும் நாட்டில் 1,622 பேருக்கு சிபிஎல் வழங்கப்பட்டது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று நீங்களே சொன்னீர்கள், நம்புகிறேன். ஆனால் கம்பெனிகள் கேட்பது வெறும் உரிமத்தை அல்ல. ஏடிஆரோ ஏர்பஸ்ஸோ, அவர்கள் வைத்திருக்கும் விமானத்துக்கான டைப் ரேட்டிங்கையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அதற்கு எங்களுக்கு இன்னொரு பதினாறு லட்சம். அதை முடித்தும் பத்தொன்பது மாதம் வீட்டில் இருந்தாள். விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று யாரும் சொல்வதில்லை. எழுத்துத் தேர்வு, மனநிலைத் தேர்வு, சிமுலேட்டர், நேர்காணல் எல்லாம் முடிந்த பிறகும் தேறினோமா இல்லையா என்று ஒரு வரி எழுதுவதில்லை. காத்திருக்கும் காலத்திலும் கருவிகளைப் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றும் புதுப்பிக்க வேண்டும். சும்மா இருப்பதற்கும் பணம் கட்டும் வேலை இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

வேலை தருகிற சின்ன கம்பெனி நிலைக்குமா என்பது அடுத்த கவலை. தமிழ்நாட்டுக்கு இதில் தழும்பு அதிகம். 1990-களில் சென்னையில் என்இபிசி ஏர்லைன்ஸ் இருந்தது. 2005-இல் பாரமவுண்ட் எம்ப்ரேயர் விமானங்களோடு வந்தது, 2010-இல் நின்றது. கோவையின் ஏர் கார்னிவல் 2016-இல் ஏடிஆரில் தொடங்கி மறுஆண்டே முடிந்தது. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உங்கள் துறையின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் 2018 மார்ச் 25 அன்று சென்னை–சேலம் பறந்தபோது சேலத்துக்காரர்கள் கொண்டாடினார்கள். அந்தச் சேவை 2021-இல் நின்றது, 2022 பிப்ரவரியில் கம்பெனியே பறப்பதை நிறுத்தியது. சேலத்துக்கு மறுபடி விமானம் வர 2023 அக்டோபர் ஆனது.

கம்பெனி நின்றால் பயணி பேருந்தில் போய்க்கொள்வார். விமானிக்கு அப்படி ஒரு மாற்று வழி கிடையாது. ஏடிஆருக்கு வாங்கிய ரேட்டிங்கை வைத்து ஏர்பஸ் ஓட்ட முடியாது. அதற்கு மறுபடி லட்சங்கள் கட்ட வேண்டும். தானே வேலையை விடுவதென்றால் டிஜிசிஏயின் 2017 விதிப்படி துணை விமானி ஆறு மாதம், கேப்டன் ஒரு வருடம் முன்னறிவிப்பு தர வேண்டும். திடீரென்று விமானம் நின்றால் பயணிகள் தவிப்பார்கள் என்பதற்காக வைத்த விதி, புரிகிறது. அதே விமானத்தை கம்பெனி ஒரே இரவில் நிறுத்தும்போது விமானிக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு எத்தனை நாள், ஐயா?

இவ்வளவையும் தாண்டி அவள் அந்த வேலையை நேசிக்கிறாள். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏடிஆரின் உச்சம் 25,000 அடி. பெரிய ஜெட்கள் மழைமேகத்துக்கு மேலே ஏறிப் போய்விடும், இவர்கள் மேகத்தைச் சுற்றிக்கொண்டோ அதன் ஊடாகவோதான் போக வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை கிளம்பி நான்கு முறை இறங்குகிறாள். ஓடுபாதை குட்டை, பல ஊர்களில் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே இறங்க வேண்டும். "கை பழகுவது இதில்தான்பா" என்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்கு அவளிடமிருந்து 'கிளம்பிட்டேன்' என்று வாட்ஸ்அப் வரும். அவள் அம்மா அதைப் பார்த்த பிறகுதான் திரும்பிப் படுப்பாள். விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக்கியது உங்கள் துறை. அதற்கு எங்கள் நன்றி. ஆனால் 2025 டிசம்பரில் விமானிகள் போதாமல் ஒரு கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது அதற்கு இரவுப் பணி விதிகளில் விலக்கு கொடுத்தீர்கள். ஆள் எடுக்காத தவறு கம்பெனியுடையது, கண் விழிப்பது இந்தப் பிள்ளைகள். இனி அந்த விலக்கு வேண்டாம்.

நான் கேட்பது உங்கள் கைக்கு எட்டுகிற ஒன்று. உடான் தடத்தில் பறக்கும் கம்பெனி மூன்று ஆண்டு இழப்பீட்டுத் தொகை பெறுகிறது. அதில் மாநில அரசின் பங்கும் உண்டு. அந்தத் தடத்தில் அதற்குப் போட்டியும் இல்லை. இந்தப் பணத்துக்காகப் பெரிய தடங்களின் விமானங்களிடம் வசூலிக்கும் தீர்வை கடைசியில் டிக்கெட்டில்தான் வந்து சேர்கிறது. மக்கள் பணத்தில் பறக்கும் கம்பெனிகளுக்கு மூன்று நிபந்தனைகள் போடுங்கள். புதிதாக எடுக்கும் துணை விமானிகளின் டைப் ரேட்டிங் செலவை கம்பெனியே ஏற்க வேண்டும். காலியிடத்தை ஊரறிய அறிவித்து, மதிப்பெண்ணோடு முடிவை வெளியிட வேண்டும். விமானிகளின் ஆறு மாதச் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கட்டிவிட்டுத்தான் தடத்தை எடுக்க வேண்டும், நிறுத்திவிட்டுப் போனால் அது அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ரேட்டிங்குக்குக் கம்பெனி செலவழித்தால் சில ஆண்டு ஒப்பந்தம் கேட்பார்கள், கேட்கட்டும். வீட்டை அடகு வைப்பதைவிட உழைத்துக் கழிப்பது எங்களுக்குப் பழக்கமானது.

2025 பட்ஜெட்டில் பத்து ஆண்டுகளில் 120 புதிய ஊர்களுக்கு விமானம் என்று அறிவிப்பு வந்தது. அந்த ஊர்களுக்கான ஒப்பந்தங்களை எழுதும்போது இந்த வரிகளைச் சேர்த்துவிடலாம். பிறகு சேர்ப்பது கடினம்.

தெருவில் அந்தத் தம்பியை நேற்று மறுபடி பார்த்தேன். பையன் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டானாம். பத்திரத்தை அவர் இன்னும் பீரோவிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

இப்படிக்கு,
ஒரு விமானியின் தகப்பன்,
மறைமலை நகர்.