நூறு மீட்டருக்குள் ஒரு தறி வீடு

மாண்புமிகு ஒன்றியப் பண்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டாம் இராஜராஜன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பெருமை எங்களுக்கு இன்றும் குறையவில்லை. விமானத்தை மறைத்து நான்கு மாடி விடுதி எழுவதை நானும் விரும்பவில்லை. நான் சொல்ல வருவது, கோயிலைச் சுற்றித் தலைமுறையாகக் குடியிருப்பவர்களின் வீடுகளைப் பற்றி.

பட்டு நெசவாளர்களின் ஊர் இது. வீட்டுத் தரையிலேயே குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதித்தபடி நெய்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரை ஒழுகினால் பாவு நனைந்துவிடும். குழியில் தண்ணீர் ஊறினால் தறி நின்றுபோகும், அன்றாடக் கூலியும் நின்றுபோகும். ஆகவே கூரை ஓடுகளைப் பிரித்துத் தளம் போட்டார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் கொல்லைப்புறம் ஓர் அறை எடுத்தார்கள். அனுமதி வாங்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. வீட்டு வரி கட்டினால் போதும் என்று இருந்துவிட்டவர்களும் உண்டு.

கட்டியவர் காலமானார். வீடு பிள்ளைகள் பெயருக்கு மாறியது. மீறலும் கூடவே வந்தது.

நினைவுச்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. தடைப் பகுதியில் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடென்றால் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். அதற்குப் பின் எழுந்ததென்றால், தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டியிருந்தால் ஒழிய, விண்ணப்பிக்கவே வழியில்லை. மீறிக் கட்டினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முன்பா பின்பா என்பதற்கு எங்களிடம் என்ன சான்று இருக்கிறது? பழைய பத்திரத்தில் நான்கெல்லையும் மனை அளவும் இருக்கும். பின்கட்டு அறை எந்த ஆண்டு எழுந்தது என்று இருக்காது. கரையான் தின்றது போக மிஞ்சிய வரி ரசீதில் கதவு எண் தெரியும், தளம் தெரியாது. காகிதத்தை வைத்துக் காக்கும் வழக்கமே இல்லாத வீட்டில்தான் முப்பது ஆண்டுக்கு முந்தைய காகிதத்தைக் கேட்கிறீர்கள்.

இந்தக் கணக்கை எடுக்கும் பொறுப்பைச் சட்டம் வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கவில்லை என்பதே என் முறையீட்டின் சாரம். தடைப் பகுதியையும் கட்டுப்பாட்டுப் பகுதியையும் அளந்து வரைபடம் தயாரிக்க வேண்டியவர் தலைமை இயக்குநர் என்கிறது அந்தச் சட்டத்தின் 35ஏ பிரிவு. 1992 ஜூன் 16-க்குப் பிறகு எழுந்தவற்றை அடையாளம் காண வேண்டியவரும் அவரே என்கிறது 35பி. அந்த அளவைப் பணியைத் தாராசுரத்தில் வீடு வீடாக, வீட்டுக்காரர் முன்னிலையில் நடத்துங்கள். முடிவைத் தமிழில் அச்சிட்டு மாநகராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள்.

அந்தத் தேதிக்குப் பின் எழுந்ததாகத் தெரியவரும் அறைகளை என்ன செய்வது? தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113சி பிரிவு, 2007 ஜூலை 1-க்கு முன் எழுந்த கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி வைத்திருக்கிறது. மாநிலச் சட்டத்தின் அந்தச் சலுகை மத்தியச் சட்டத்தின் 100 மீட்டருக்குள் செல்லாது. அதைப் போல ஒரு முறை மட்டும் ஒரு வழியைத் திறக்க நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவாருங்கள். தாத்தாவோ அப்பாவோ கட்டியதை வாரிசாகப் பெற்று, அதிலேயே குடியிருப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தட்டும். உயரத்துக்கு வரம்பு வையுங்கள், வணிகக் கட்டடங்களை விலக்குங்கள், மறுக்க மாட்டோம்.

நாட்டில் 3,600-க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்களுக்கும் ஒரே 100 மீட்டர் என்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இலேயே சொல்லிவிட்டது. திருத்தம் வரத் தாமதமாகலாம். அளவைக்கு அந்தக் காரணம் சொல்ல முடியாது. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த ஐப்பசி மழைக்குள் அளவைக்காரர்களைத் தாராசுரத்துக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தாராசுரவாசி ஒருவர்