தாளத்தைக் கேட்கிறோம், படைத்தவனைக் கேட்கிறோமா?



தெக்னோ, ஹவுஸ் என்னும் இசை வகைகளைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்து ஒன்றுதான்: "அது இசையன்று, இரைச்சல்." நம் மாணவர்களோ அதைக் காதொலிப்பானில் விரும்பிக் கேட்கின்றனர். அவர்கள் அதைக் கேட்பது குறையன்று; யார் படைத்தது என்று அறியாமலே கேட்பதுதான் குறை என்பது என் கருத்து. அக்குறையில் நமக்கும் பங்குண்டு.

இவ்விசையின் பிறப்பைச் சற்று நோக்குவோம். 1977-ஆம் ஆண்டு சிக்காகோ நகரின் 'வேர்ஹவுஸ்' என்னும் நடனக் கூடத்தில் பிராங்கி நக்கில்ஸ் இசைத்தட்டுகளை இயக்கத் தொடங்கினார். அக்கூடத்தின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' என்னும் பெயர் வந்தது என்பர். தெக்னோவின் தாயகம் டெட்ராய்ட். பெல்வில் என்னும் சிற்றூரில் ஒன்றாகப் பள்ளி சென்ற ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்கள் அதற்கு உருவம் தந்தனர். அட்கின்ஸ் 1985-இல் 'மெட்ரோபிளக்ஸ்' என்னும் சொந்த வெளியீட்டகத்தைத் தொடங்கினார்.

டெட்ராய்ட் மகிழுந்துத் தொழிலால் வளர்ந்த நகரம். 1950-இல் அங்கு ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்; 2020 கணக்கெடுப்பிலோ எண்ணிக்கை ஆறரை இலட்சத்தையும் எட்டவில்லை. ஆலைகள் மூடப்பட்டு, வீடுகள் வெறிச்சோடிக் கொண்டிருந்த காலத்தில்தான் இவ்விளைஞர்கள் இசைப்பொறிகளைக் கையில் எடுத்தனர். அப்பொறிகளின் கதையும் இத்தகையதே. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 கருவி விலைபோகாமல் 1984-இல் கைவிடப்பட்டது. பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைத்த அக்கருவியைக் கொண்டு, சிக்காகோவின் 'ஃபியூச்சர்' குழுவினர் 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டு, ஒரு புதிய இசை வகையையே தோற்றுவித்தனர். வசதியில்லை என்று சோர்ந்திருக்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

'அண்டர்கிரவுண்ட்' என்றதும் ஏதோ கள்ளத்தனம் என்று அஞ்ச வேண்டா. பெருநிறுவனங்களைச் சாராமல், தாமே படைத்துத் தாமே வெளியிடுவது என்பதே அதன் பொருள். மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ் ஆகியோர் நிறுவிய 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழு இதற்கு முன்னோடி. முகமூடி அணிந்து தம் முகத்தை மறைத்த இவர்கள், தம் படைப்பின் உரிமையை மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவ்வுரிமைக்கு 1999-இல் சோதனை வந்தது. அக்குழுவைச் சேர்ந்த டிஜே ரொலாண்டோவின் 'ஜாகுவார்' என்னும் இசை உலகெங்கும் புகழ்பெற்றது. ஜெர்மனியிலிருந்த சோனி நிறுவனக் கிளை, படைத்தவர்களின் ஒப்புதல் இன்றியே, சுரத்துக்குச் சுரம் அதே போன்ற மறுபதிப்பு ஒன்றை உருவாக்கியது. செய்தி பரவியதும் பல நாட்டு இசை அன்பர்கள் மின்னஞ்சல் வழியே கண்டனங்களைக் குவித்தனர், சோனி பின்வாங்கியது. கேட்பவர்களுக்குப் படைத்தவர் யாரெனத் தெரிந்திருந்ததால்தான் அது இயன்றது.

இன்றும் இக்கேள்வி ஓயவில்லை. 2024 மார்ச் மாதம் பெர்லின் நகரின் தெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெர்லின் இவ்விசையைப் போற்றி வளர்த்தது உண்மை. ஆனால், அந்நகரின் புகழ்பெற்ற 'டிரெசோர்' வெளியீட்டகத்தின் முதல் இசைத்தட்டே (1991) டெட்ராய்ட் குழுவினர் படைத்ததுதான். அச்செய்தியை மட்டும் படிக்கும் பிள்ளை, தெக்னோ பெர்லினில் பிறந்தது என்றே எண்ணிவிடுவான். வளர்த்தவரைப் பாராட்டும்போது பெற்றவரை மறப்பது முறையாகுமா?

பெற்றோர்களின் அச்சத்தையும் நான் புறக்கணிக்கவில்லை. இரவு விடுதி, போதைப்பொருள் ஆகியவற்றைக் குறித்த கவலை நியாயமானதே. பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. எனினும், இசை வேறு. அது ஒலிக்கும் இடம் வேறு. "சொல்லே இல்லாத இசையில் என்ன இருக்கிறது?" என்பாரும் உளர். தவிலின் தனியாவர்த்தனத்தில் சொல் எங்கே இருக்கிறது?

ஆகவே, நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, பிள்ளை கேட்கும் இசையைப் படைத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வினவுவோம். விடையைத் தமிழில் ஐந்து வரிகளில் எழுதச் செய்வோம். இரண்டாவது, 'ஜாகுவார்' நிகழ்வை நன்னெறிக் கல்வி வகுப்பில் பேசுவோம். பிறர் கட்டுரையைப் பெயர் மாற்றி ஒப்படைப்பதன் தவற்றை அறிவுரையைவிட இந்நிகழ்வு நன்றாக உணர்த்தும். மூன்றாவது, பிடித்த இசையைக் காசு கொடுத்து வாங்கப் பழக்குவோம். இன்றைய புதிய படைப்பாளர்கள் பலர் 'பேண்ட்கேம்ப்' தளத்தில் தாமே விற்கின்றனர். எண்ணிம விற்பனையில் அத்தளம் பொதுவாக 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. கட்டணச் செலவு போக மீதி படைத்தவரையே சேர்கிறது.

இந்த இசை நமக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், பிறர் உழைப்பைப் பெயர் சொல்லி மதிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது நம் கடமை. அதைத் திருக்குறளில் தொடங்கலாம், தெக்னோவிலும் தொடங்கலாம்.